ஸ்பிட்ஃபயருக்கு ஒரு ஃபாஸ்ட்பேக் கூரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்பது 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் கவன்ட்ரியில் தயாரான, இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த கார். மழை வந்தால் இழுத்து மூட ஒரு துணிக் கூரை உண்டு. அந்தத் துணியைக் கழற்றிவிட்டு, முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் தொடங்கி வால் வரை ஒரே வழிசலாக இறங்கும் கெட்டிக் கூரை ஒன்றை என் மார்க் 3 வண்டிக்கு ஃபைபரில் செய்து மாட்டினேன். இப்படி வால் வரை வழியும் கூரைக்குத்தான் ஃபாஸ்ட்பேக் என்று பெயர். அதற்குப் பிறகு வண்டியைப் பெட்ரோல் பங்கில் நிறுத்தினால்கூட யாராவது வந்து பேச்சுக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எனக்கும் தொண்டை மிச்சம்.

கூரை வைத்த ஸ்பிட்ஃபயர் வேண்டுமென்றால் ஜிடி6 வாங்கிக்கொள்ளலாமே?

வாங்கலாம். ஸ்பிட்ஃபயருக்கு டிரயம்ப்பே கெட்டிக் கூரை வைத்து விற்ற வண்டி அது. நல்ல வண்டி. ஸ்பிட்ஃபயரை வரைந்த அதே இத்தாலியர் ஜொவானி மிக்கெலோட்டிதான் அந்தக் கூரையையும் வரைந்தார். 1963 வாக்கில் அவர் செய்த மாதிரி வண்டியில் ஸ்பிட்ஃபயரின் சிறிய 1147 சிசி எஞ்சினே இருந்தது. இரும்புக் கூரையின் எடையை அது இழுக்கத் திணறியதால் 1998 சிசி, ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்து, 1966-இல் ஜிடி6 என்ற பெயரில் விற்பனைக்கு விட்டார்கள். 'ஏழையின் ஈ-டைப்' என்று ஜாகுவாரோடு ஒப்பிட்டுச் செல்லப்பெயர் வந்தது.

இந்தக் கதையில் நமக்கு வேண்டிய சேதி எடைதான். நாலு சிலிண்டர் வண்டிக்கு இரும்புக் கூரை சுமை. ஃபைபரில் செய்தால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அது போக, ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் கூரையைக் கழற்றி ஷெட்டில் வைத்துவிட்டுக் காற்று வாங்கப் போகலாம். ஜிடி6-இல் அது முடியாது.

இதற்கு முன் யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா?

நிறையப் பேர். பிரிட்டிஷ் ரோட்ஸ்டருக்கு, அதாவது இரண்டு பேர் உட்காரும் திறந்த காருக்கு, கூரை போடுவது 1960-களில் ஒரு தனித் தொழிலாகவே இருந்தது. ஹோவ் நகரில் பேருந்துக் கூடு கட்டிக்கொண்டிருந்த ஹாரிங்டன் நிறுவனம் சன்பீம் ஆல்பைனுக்குக் கூரை போட்டது. அந்த ஹாரிங்டன் ஆல்பைன் 1961 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் எரிபொருள் சிக்கனத்துக்கான பரிசை வாங்கியது. டிரயம்ப் டிஆர்4-க்கு அதே ஹாரிங்டன் கட்டிய கூரை, விம்பிள்டனிலிருந்த டவ் என்ற விற்பனையாளர் வழியாக 'டவ் ஜிடிஆர்4' ஆனது. பிரஸ்ஸல்ஸில் ஜாக் கூன் என்பவர் எம்ஜிபி-க்கு ஒரு ஃபாஸ்ட்பேக் செய்து விற்றார்.

ஸ்பிட்ஃபயருக்கே நேரடி முன்னோர் உண்டு. 1964, 1965 லெ மான் பந்தயங்களுக்கு டிரயம்ப் அனுப்பிய ஸ்பிட்ஃபயர்களின் தலையில் இருந்தது மிக்கெலோட்டியின் மாதிரி வண்டிக் கூரையை அச்செடுத்துச் செய்த ஃபைபர் கூரை. 1965-இல் இரண்டு வண்டிகள் 13, 14-ஆம் இடங்களில் முடித்தன, தங்கள் பிரிவில் முதல் இரண்டு இடங்கள். அதாவது ஜிடி6 கடைக்கு வருவதற்கு முன்பே அந்தக் கூரையின் ஃபைபர் நகல் 24 மணி நேரம் ஓடிவிட்டது. நாம் செய்வது புதுமை இல்லை. பழைய வழக்கம்.

கூரையால் எவ்வளவு ஆகும் என்பதற்குப் பெரிய சாட்சி கோப்ரா என்ற பந்தயக் கார். அதன் சேஸியின் பூர்வீகம் தேம்ஸ் டிட்டனில் தயாரான ஏசி ஏஸ் என்ற ரோட்ஸ்டர். எஞ்சின் பலம் எவ்வளவோ இருந்தும், திறந்த உடம்பு லெ மானின் நீண்ட நேர்சாலையில் காற்றோடு மல்லுக்கட்டியே தோற்றது. பீட்டர் புரொக் அதற்கு ஒரு மூடிய உடம்பு வரைந்தார். டேடோனா கூப்பே. 1964-இல் லெ மானில் ஜிடி பிரிவில் வென்றது, மொத்தத்தில் நான்காம் இடம். இத்தனைக்கும் செய்தது ஆறே ஆறு வண்டி.

வரைதலை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

முன்கண்ணாடியிலிருந்து. எல்லோரும் வாலிலிருந்து தொடங்குகிறார்கள், ஏனென்றால் ஃபாஸ்ட்பேக்கின் அழகு பின்னால்தான் தெரிகிறது. நானும் முதலில் அப்படித்தான் வரைந்தேன். மூன்று வாரம் வீண்.

எம்ஜிபி-யின் கதையைக் கேளுங்கள். 1962-இல் வந்த எம்ஜிபி ரோட்ஸ்டருக்குக் கூரை வைத்துப் பார்க்க ஆபிங்டன் தொழிற்சாலையிலேயே முயன்றார்கள். எப்படி வைத்தாலும் பொருந்தவில்லை. வேலை இத்தாலியில் பினின்ஃபரினாவிடம் போனது. அவர்கள் முதலில் கைவைத்தது முன்கண்ணாடியில்தான். ரோட்ஸ்டரின் கண்ணாடி குட்டை. அதை வைத்துக்கொண்டு உள்ளே தலைக்கு இடம் விட்டால், கூரை கண்ணாடிக்குப் பின்னால் திடீரென்று எழும்பித் தொப்பி மாட்டியதுபோல் ஆகிவிடும். கண்ணாடியை உயர்த்தினார்கள், அதன் மேல்விளிம்பில் கூரை மடியும் இடத்தைக் கூர்மையாக்கினார்கள், எல்லாம் சரியாகிவிட்டது. 1965-இல் எம்ஜிபி ஜிடி வந்தது.

புதுக் கண்ணாடி வார்க்கச் சொல்லிக் கேட்க நாம் பினின்ஃபரினா இல்லை. இருக்கிற கண்ணாடியோடுதான் குடித்தனம். அப்படியானால் வேறு பக்கத்திலிருந்து வர வேண்டும்: கூரையை ஏற்றாதீர்கள், இருக்கையை இறக்குங்கள். பழைய இருக்கையின் அடிப் பஞ்சை மாற்றி, சட்டத்தின் கீழிருந்த கட்டையை எடுத்ததில் எனக்கு 40 மி.மீ. கிடைத்தது. கூரையில் 40 மி.மீ. என்பது அழகுக்கும் அவலட்சணத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம்.

இருக்கையை முடித்த பிறகு நீங்கள் வழக்கமாக ஓட்டும் நிலையில் உட்காருங்கள். ஒருவர் பக்கவாட்டில் நின்று உங்கள் உச்சந்தலையின் இடத்தைக் குறிக்கட்டும். அதற்கு மேல் 50 மி.மீ. காற்று, 15 மி.மீ. உள்துணியும் பஞ்சும், பிறகு கூரையின் கனம். கூரையின் உச்சிப்புள்ளி அங்கேதான், அல்லது அதற்குக் கொஞ்சம் முன்னால். உச்சி தலைக்குப் பின்னால் போனால் வண்டி கூன் போட்டதுபோல் தெரியும். வீட்டில் செய்த கூரைகளில் நான் பார்த்த முதல் பிழை இதுதான்.

சரிவு எத்தனை டிகிரி இருக்க வேண்டும்?

இதற்கு ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த எண்ணை வைத்து வரைந்தால் கோளாறாகும். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

கூரை உச்சியிலிருந்து வால் விளிம்பு வரை கிடைமட்டத் தூரம் 1350 மி.மீ., இறங்க வேண்டிய உயரம் 400 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிட்ஃபயர் அளவு வண்டிக்குக் கிட்டத்தட்ட இப்படித்தான் வரும். இரண்டு புள்ளிகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால் சரிவு 16.5 டிகிரி. பார்க்க நிம்மதியாக இருக்கிறது. ஆனால் கூரை உச்சியில் தட்டையாகத் தொடங்கி மெல்ல மெல்ல வளைகிறது. ஒரே சீரான வளைவாக, பரவளையமாக, இறக்கினால் கடைசி முனையில் சரிவு 30 டிகிரியைத் தாண்டிவிடும். சராசரிதான் 16, வால் 30.

30-இல் என்ன கெட்டது? 1984-இல் அகமது என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் கார் வடிவில் ஒரு எளிய கட்டையைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து, பின்சரிவை மட்டும் மாற்றி மாற்றி அளந்தார்கள். இன்றும் எல்லாக் கல்லூரிகளிலும் அதை 'அகமது பாடி' என்றே சொல்கிறார்கள். சரிவு 12 டிகிரி சுமாருக்கு இருக்கும்போது காற்றின் இழுவை மிகக் குறைவு. அங்கிருந்து ஏறிக்கொண்டே போய் 30-ஐ நெருங்கும்போது உச்சம். இரு பக்க விளிம்புகளிலும் காற்று கயிறு முறுக்குவதுபோல் சுழன்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். 30-ஐத் தாண்டினால் காற்று மேற்பரப்பை விட்டே பிரிந்துபோகிறது. நம் வண்டி அந்தக் கட்டை இல்லை, எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனால் 25-க்கும் 30-க்கும் நடுவில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள் என்பது எந்த வண்டிக்கும் பொருந்தும்.

வழி இரண்டு. வளைவை எல்லா நீளத்துக்கும் பரப்பாமல் முதல் 450 மி.மீ.-க்குள் முடித்துவிட்டு, மீதி 900-ஐ ஏறக்குறைய நேராக விடுங்கள். அதே 400 மி.மீ. இறக்கத்துக்குச் சரிவு 20 டிகிரிக்குள் நின்றுவிடும். அடுத்து, வால் விளிம்பை 60 மி.மீ. உயர்த்துங்கள். இறக்கம் 340 ஆகிறது, சரிவு 17-க்கு வருகிறது. உயர்த்திய வாலை அங்கேயே நேராக வெட்டி நிறுத்துங்கள். 1930-களில் ஜெர்மனியில் வுனிபால்ட் காம் சொன்ன பாடம் அது: முழு வாலும் வேண்டாம், சரியான இடத்தில் வெட்டினால் காற்று ஏமாந்துபோகும்.

முற்றிலும் நேராக விட்டால் கண்ணுக்கு அது குழிந்ததுபோல் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 900 மி.மீ. நீளத்துக்கு நடுவில் 6 முதல் 8 மி.மீ. மேடு கொடுத்தால்தான் 'நேராக' இருக்கும்.

வேகத்தில் பின்பக்கம் தூக்கும் என்கிறார்களே?

தூக்கும். கூரையோடு ஒட்டி வழியும் காற்று இழுவையைக் குறைக்கிறது, கூடவே விமான இறக்கைபோல மேலேயும் இழுக்கிறது. முதல் ஆடி டிடி-யின் வழுவழுப்பான முதுகு ஜெர்மன் நெடுஞ்சாலைகளில் விபத்துகளில் முடிந்து, நிறுவனமே திருப்பிக் கூப்பிட்டு வாலில் ஒரு தடுப்பைப் பொருத்தியது.

ஸ்பிட்ஃபயரில் இது இன்னும் விஷமம். பின்னச்சில் ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் குறுக்கே கிடக்கிறது, சக்கரங்கள் ஊஞ்சல்போல ஆடும் அச்சில் நிற்கின்றன. பின்பக்கம் லேசானால் சக்கரங்களின் அடிப்பகுதி உள்நோக்கி மடங்கும், வளைவில் வண்டி சட்டென்று பின்னால் திரும்பிவிடும். 1970-இல் வந்த மார்க் 4-இல் ஸ்பிரிங்கை மாற்றி இதைப் பெருமளவு அடக்கினார்கள். மார்க் 3-ம் அதற்கு முந்தையதும் வைத்திருப்பவர்கள் வால் விளிம்பு உயர்த்துவதை அழகுச் சமாச்சாரமாக நினைக்க வேண்டாம்.

சோதிக்க நூல்கண்டு போதும். கூரையெங்கும் ஒரு சாண் இடைவெளியில் விரல் நீளக் கம்பளி நூல்களை டேப்பால் ஒட்டுங்கள். நண்பர் பக்கத்து வண்டியிலிருந்து படம் எடுக்கட்டும். 80 கி.மீ. வேகத்தில் நூல் படிந்து கிடந்தால் காற்று ஒட்டியிருக்கிறது. பேய் பிடித்ததுபோல் ஆடினால் பிரிந்துவிட்டது. என் கூரையில் பின்கண்ணாடியின் மேல்விளிம்புக்குக் கீழே ஒரு வரிசை முழுக்க ஆடியது. கண்ணாடி 4 மி.மீ. உள்ளே அமுங்கியிருந்ததுதான் காரணம். பீடிங்கை, அதாவது விளிம்பு ரப்பரை, மாற்றிச் சமமாக்கியதும் அடங்கியது.

பெட்ரோல் மூடி கூரைக்குள் போய்விடுமே?

போய்விடும், இதை வரைபடத்திலேயே யோசித்துவிடுங்கள். ஸ்பிட்ஃபயரில் டேங்க் இருக்கைகளுக்குப் பின்னால். மூடி முதுகின் நட்டநடுவில். ஃபாஸ்ட்பேக் கூரை அதன்மேல் அப்படியே கவிழும். பின்கதவைத் தூக்கி உள்ளே பெட்ரோல் ஊற்றுகிற ஏற்பாடு வேண்டவே வேண்டாம். ஆவி முழுக்கப் பயணிகள் இருக்கும் இடத்துக்கு வரும். கூரையின் பக்கச்சுவரில் தனி மூடி வைத்து, பெட்ரோலுக்கென்றே உள்ள ரப்பர் குழாயால் டேங்கோடு இணையுங்கள். டேங்கின் காற்றுக் குழாயையும் வண்டிக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். டேங்குக்கும் இருக்கைக்கும் நடுவே ஆவி புகாத தகரத் தடுப்பு ஒன்றும் தேவை. கூரையைக் கழற்றும் நாளில் அந்தக் குழாயை என்ன செய்வது என்பதற்கும் இப்போதே வழி வைத்துக்கொள்ளுங்கள். நான் பழைய மூடியை விட்டுவைத்து, குழாய்க்கு ஒரு மாற்றுத் தலை செய்துகொண்டேன்.

பின்கண்ணாடிக்கு எங்கே போவது?

வடிவத்தை முடித்துவிட்டுக் கண்ணாடி தேடாதீர்கள். கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு வடிவத்தை முடியுங்கள். டஃபன் செய்த கண்ணாடியை வெட்டவோ தேய்க்கவோ முடியாது, தொட்டால் சில்லுச் சில்லாக உதிரும். ஆகவே பழைய வண்டி உடைக்கும் இடங்களில் அளவெடுத்துத் திரிந்து, கிடைத்த கண்ணாடிக்குச் சட்டம் வரைவதுதான் மலிவு. இல்லையென்றால் பாலிகார்பனேட் தகடு. ஒரு திசையில் மட்டும் வளைக்கச் சூடாக்காமலேயே வளையும். இரண்டு திசையில் வளைய வேண்டுமென்றால் சூடாக்கி அச்சில் இறக்க வேண்டும். கீறல் தாங்கும் பூச்சுள்ளதை வாங்குங்கள். பூச்சில்லாதது ஒரே குளிர்காலத்தில் மங்கிப்போகும்.

இன்னொன்றும் உண்டு, அது கணக்கில் தெரியும், கண்ணில் முதலில் தெரியாது. படுத்த கண்ணாடி எவ்வளவு நீளமிருந்தாலும் பின்னால் பார்க்கும் சாளரம் சின்னதுதான். 700 மி.மீ. நீளக் கண்ணாடி 20 டிகிரியில் படுத்தால் நிமிர்ந்த உயரமாகக் கிடைப்பது 239 மி.மீ., 17 டிகிரியில் 205. காற்றுக்கு நல்ல சரிவு கண்ணுக்குக் கெடுதல். பின்னால் பார்க்கும் வெளிக் கண்ணாடி (மிரர்) இரு பக்கமும் கட்டாயம். உள்ளே பின்தட்டைக் கறுப்பு மங்கல் துணியால் மூடுங்கள், இல்லையென்றால் வெயிலில் அந்தத் தட்டின் பிம்பம்தான் கண்ணாடியில் தெரியும், பின்னால் வரும் லாரி தெரியாது.

அச்செடுக்கும்போது வண்டியை எப்படி நிறுத்த வேண்டும்?

நான்கு சக்கரத்திலும், சமதளத்தில், ஆள் எடைக்கு இருக்கைகளில் மணல் மூட்டை வைத்து. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

நான் அடியில் வேலை செய்துகொண்டிருந்ததால் வண்டியைத் தாங்கிக் கட்டைகளில் ஏற்றியபடியே மாதிரி வடிவத்தைக் கட்டினேன். கதவு இடைவெளி கொஞ்சம் மேலே குறுகியிருந்ததைப் பார்த்தேன், பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அச்செடுத்து, கூரை வார்த்து, பட்டி பார்த்து, பூசி, வண்டியைத் தரையில் இறக்கி மாட்டினால் பின்மூலையில் 8 மி.மீ. தூக்கிக்கொண்டு நின்றது. திறந்த வண்டி நடுவில் வளையும். ஸ்பிட்ஃபயரின் சேஸி ஹெரால்டு காரின் சேஸியைச் சுருக்கிச் செய்தது, ஆனால் ஹெரால்டில் இரு பக்கமும் ஓடிய வெளித்தண்டுகளை எடுத்துவிட்டார்கள். அந்த வேலையைக் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் 'சில்' என்ற பெட்டித் தகடுதான் செய்கிறது. என் வண்டியில் வலப்பக்கச் சில் உள்ளே துரு தின்று காகிதமாகியிருந்தது.

எனவே வரிசை இது: முதலில் சில், பிறகு கதவு இடைவெளி, பிறகுதான் கூரை. அழுகிய வண்டிக்கு அளவெடுத்த கூரை, வண்டியைச் சீர்செய்த பிறகு பொருந்தாது.

மெட்ராஸ் ஹெரால்டுக்கும் இந்த வண்டிக்கும் உறவு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் நிறுவனம் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, டிரயம்ப் ஹெரால்டின் உரிமம் பெற்ற பிறப்பு. ஸ்பிட்ஃபயரின் எலும்பு அதே ஹெரால்டிலிருந்து வந்தது, இரண்டையும் வரைந்தவரும் மிக்கெலோட்டிதான். முன்பக்கத்தை மொத்தமாகக் கவிழ்த்துத் திறக்கும் அந்தப் பானெட்டைச் சின்ன வயதில் பார்த்தவர்களுக்கு ஸ்பிட்ஃபயரின் மூக்கைத் திறக்கும்போது ஒரு பரிச்சயம் தோன்றும்.

வடிவம் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கணினியில் வரையலாம், போனிலேயே வண்டியை ஸ்கேன் எடுக்கலாம், நானும் செய்தேன். ஆனால் திரையில் நன்றாக இருந்த கோடு ஷெட்டில் நன்றாக இருக்கவில்லை. சுவரில் முழு அளவுக் காகிதம் ஒட்டி, கறுப்பு டேப்பால் கோட்டை இழுத்துப் பார்த்தபோதுதான் எங்கே தப்பு என்று பிடிபட்டது. படம் எடுத்து ஒப்பிடுவதானால் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். கிட்டத்திலிருந்து எடுத்த படம் வளைவைப் பற்றிப் பொய் சொல்லும்.

பிளைவுட் குறுக்குச் சட்டங்களை 150 மி.மீ.-க்கு ஒன்றாக நிறுத்தி, தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்து இரு பக்கமும் ஒத்திருக்கிறதா பாருங்கள். மெல்லிய மரப்பட்டை ஒன்றை அவற்றின்மேல் வளைத்துக் கிடத்தினால், எந்தச் சட்டம் மேடு எது பள்ளம் என்று பட்டையே காட்டிக்கொடுக்கும். மரம் கோணலாக வளையாது.

கடைசிச் சோதனை இரவில். மாதிரி வடிவத்தைத் தேய்த்து முடித்துப் பளபளப்பான கறுப்புப் பெயின்ட் அடித்து, மேலே ஒரு ட்யூப் லைட்டைத் தொங்கவிடுங்கள். குனிந்து அதன் பிம்பத்தைப் பாருங்கள். நீங்கள் தலையை மெல்ல நகர்த்தும்போது அந்த வெள்ளைக் கோடு எண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்காவது திக்கினால் அங்கே பள்ளம். இடது பின்தூணின் அடியில் என்னுடையது திக்கியது, ஸ்கேல் வைத்தால் ஒன்றும் தெரியவில்லை, உள்ளங்கையால் தடவினால் தெரிந்தது. ஒரு மி.மீ.கூட இல்லை. ஆனால் பூசி வெயிலில் நிறுத்தினால் ஊரே பார்க்கும்.

மாதிரி வடிவத்துக்குத் தெர்மோகோல் போதுமா?

பாலியஸ்டர் ரெசின் பட்டால் தெர்மோகோல் சர்க்கரைபோலக் கரைந்துவிடும். பாலியூரித்தேன் ஃபோம் வாங்குங்கள். தெர்மோகோல்தான் கையில் இருக்கிறது என்றால் மேலே பிளாஸ்டர் பூசி மூடிவிட்டு வேலை செய்யுங்கள், அல்லது எப்பாக்ஸிக்கு மாறுங்கள்.

எத்தனை அடுக்கு? எவ்வளவு எடை?

சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள மேட், அதாவது கண்ணாடியிழை விரிப்பு, மூன்று அடுக்கு. ஓர் அடுக்கு காய்ந்தால் ஏறக்குறைய ஒரு மி.மீ. கனம். மேட்டின் எடையைப் போல இரண்டேகால் மடங்கு ரெசின் குடிக்கும் என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 4.4 கிலோ, ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சோடு 5. கூரைப் பரப்பு 2.4 சதுர மீட்டர் என்றால் 12 கிலோ. கண்ணாடி, கீல், விறைப்புக் கட்டைகள் எல்லாம் சேர்ந்து 20 கிலோவில் நிற்கும். இரண்டு பேர் தூக்கிவிடலாம்.

தட்டையான இடங்கள் டின் மூடிபோல் 'டொக் டொக்' என்று உள்ளே வெளியே போகும். கனத்தை ஏற்றாதீர்கள். உள்பக்கம் ஃபோம் கட்டைகளை வைத்து அவற்றின்மேல் ஒரு அடுக்கு போர்த்துங்கள். ஆனால் மூன்றாம் அடுக்கு நன்றாக இறுகிய பிறகு. அவசரப்பட்டால் கட்டையின் தடம் வெளிப்பக்கத்தில் விலாவெலும்புபோலத் தெரியும்.

ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் 1 முதல் 2 சதவீதம், சூட்டைப் பொறுத்து. இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டர் திரவம் தனியாக வரும் ரெசினை வாங்கியிருந்தால் ஒரு எச்சரிக்கை: கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஹார்டனரையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகே மற்றது.

கவிழ்ந்தால் இந்தக் கூரை காப்பாற்றுமா?

காப்பாற்றாது. 3 மி.மீ. ஃபைபர் மழையைத்தான் தாங்கும். உள்ளே இரும்பு ரோல்பார் வைக்க எண்ணமிருந்தால் கூரை வரைவதற்கு முன்பே அதை மாட்டிவிடுங்கள். பிறகு அதற்கு இடம் இருக்காது.

எப்படி மாட்டுவது?

முன்னால், துணிக் கூரையின் கொக்கிகள் மாட்டிய அதே இடங்கள். பின்னால் ஆறு போல்ட். ஃபைபரில் ஓட்டை போட்டு வாஷர் வைத்து முறுக்கினால் ஒரு வருடத்தில் அந்த ஓட்டையிலிருந்து சிலந்தி வலைபோல விரிசல் ஓடும். உள்ளங்கை அகலத் தகடு ஒவ்வொன்றிலும் நட்டைப் பற்றவைத்து, தகட்டை ஃபைபருக்குள்ளேயே பொதிந்துவிடுங்கள். கீழே ரப்பர். வண்டி நெளியும், கூரை நெளியாது. நடுவில் ஏதாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

உள்ளே வெந்துபோகாதா?

வேகும். ஜிடி6-இன் முதல் வண்டிகள்மீதே அந்தப் புகார் இருந்தது. 1968-இல் வந்த மார்க் 2-இல் பின்தூண்களில் காற்றுத் துளைகள் வைத்தார்கள். அதைப் பார்த்து எழுதுங்கள், வெட்கமில்லை. பின்தூணில் துளை, கியர்பாக்ஸ் மூடிக்கு வெப்பத் தடுப்பு, இரண்டும் வேண்டும்.

இதோடு சேர்ந்தது புகை. வெட்டிய வாலுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவு, சைலன்சர் புகை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். பின்கதவின் பீடிங்கில் இடைவெளி இருந்தால் அது உள்ளே வரும். தலைவலி வந்தால் பயணக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. பீடிங்கில் ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். எந்த இடத்திலும் எளிதாக உருவி வரக் கூடாது.

சட்டச் சிக்கல் வருமா?

பிரிட்டனில் போல்ட்டில் மாட்டிக் கழற்றும் கூரைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்பிட்ஃபயருக்குச் சேஸி தனி, உடம்பு தனி என்பதால் இன்னும் வசதி. எம்ஜிபி, மிட்ஜெட் போன்றவற்றில் உடம்பே சேஸி. அதை வெட்டி ஒட்டினால் வண்டியின் அடையாளமே கேள்விக்குள்ளாகலாம். வெட்டுவதற்கு முன் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ-வுக்கு எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்சூரன்ஸ்?

சொல்லிவிடுங்கள், படத்தோடு.

மழையில் ஒழுகுகிறதா?

கேட்பீர்கள் என்று தெரியும். பக்கக் கண்ணாடிக்கு மேலே சட்டம் கிடையாது, அது நேராகக் கூரையின் பீடிங்கில் போய் அழுந்த வேண்டும். வேகம் கூடினால் வெளிக்காற்று கண்ணாடியை வெளிப்பக்கம் இழுக்கும், முதலில் விசில், பிறகு தண்ணீர். கண்ணாடியின் தண்டவாளத்தை உள்நோக்கி இரண்டு மி.மீ. சாய்த்ததில் ஓட்டுநர் பக்கம் நின்றுவிட்டது. இடப்பக்கம் முன்மூலையில், முன்கண்ணாடிச் சட்டமும் கூரையும் கதவும் சந்திக்கும் இடத்தில், 70 மைல் வேகத்தில் சொட்டுச் சொட்டாக இன்னும் இறங்குகிறது. நேராகப் பக்கத்து இருக்கையில் இருப்பவரின் முழங்காலில். மூன்று வகை பீடிங் மாற்றியாகிவிட்டது. இப்போதைக்கு அந்தப் பக்கக் கதவுப் பையில் ஒரு துண்டு இருக்கிறது.